ஒசாகாவில் என் மனைவியின் குசினி

1

யப்பானுக்குப் போய் வந்தேன் என்றால் ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "அண்ணை, என்ன கமரா வாங்கி வந்தனீங்கள்?" என்பதுதான். நான் கமரா வாங்கவில்லை. கண்ணாடிக்குள் பொருள் வைத்துக் காட்டுகிற நூதனசாலைகள் பார்த்தேன் என்றேன். தமிழ்க் கடை குலம் தராசில் வெண்டைக்காயைப் போட்டபடி சிரித்தான்.

"நூதனசாலையோ? உங்களை உள்ளுக்கை வைச்சுப் பூட்டாமல் விட்டது பெரிய காரியம் அண்ணை."

கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குலம் ஒரு காலத்தில் எனக்குக் கீழே தரை துடைத்தவன். அவன் துடைத்துவிட்டுப் போன மூலைகளில் நான் விரலை ஓட்டி, அந்த விரலை அவன் மூக்குக்கு முன்னால் எத்தனை தடவை நீட்டியிருக்கிறேன் என்பது அவனுக்கு மறக்காது. அதனால் அவன் என்னைப் பகிடி பண்ணினால் நான் பொறுத்துக்கொள்வேன். அது அவனுடைய சம்பளப் பாக்கி.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேலே படிக்கவில்லை. படித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் சிலர் பிற்காலத்தில் ஒஸ்லோவுக்கு வந்து என்னிடம் வாளியும் மொப்பும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். நோர்வேயின் வடக்கு முனையில், மரம் முளைக்காத ஒரு கரையில், மீன் தொழிற்சாலைக் கத்தியோடு தொடங்கியவன் நான். இன்றைக்கு ஒஸ்லோவின் விளிம்பில், ஹவுகெட்டோவில் சொந்த வீடு. "செல்லத்துரை" என்று பக்கவாட்டில் எழுதிய வான்கள் விடிய முன்னம் நகரத்து அலுவலகங்களுக்குப் புறப்படுகின்றன. நோர்வேஜியருக்கு அந்தப் பெயரை வாசிக்க வராது. ஆனால் தரையைப் பார்த்தால் யார் துடைத்தது என்று தெரியும். பிழை பிடிக்காமல் எந்தத் தரையையும் நான் தாண்டியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான் எதற்காக யப்பானில் ஊர் ஊராக நூதனசாலை பார்த்தேன் என்று குலத்துக்குக் கடையில் வைத்துச் சொல்ல முடியாது. எழுதலாம்.

2

என் மனைவி பரமேஸ்வரி போன வருடம் பனி தொடங்க முன்னம் இறந்துபோனாள். புற்றுநோய். இந்த நாட்டில் சாம்பலைக் கடலில் கரைப்பதற்கும் அனுமதி கேட்டு எழுத வேண்டும். எந்தக் கடல், கரையில் இருந்து எவ்வளவு தூரம், யாருடைய படகு என்றெல்லாம் கேட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவள் எங்கே போகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் எங்கேயும் போனதில்லை.

எங்கள் ஆட்களிடையே ஒருவர் கண்ணை மூடினால் உடம்பு குளிர முன்னம் மரண அறிவித்தல் தயாராக வேண்டும். இன்னாரின் மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் மாமி என்று வரிசையாகப் போகும். கனடாவிலும் லண்டனிலும் ஊரிலும் அதை வாசிப்பார்கள். செத்தவரைப் பற்றி அறிவதற்கு அல்ல. யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை என்று பார்ப்பதற்கு.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுகந்தி. இளையவன் ரமணன், ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளன். அறிவித்தலில் ரமணனின் பெயரைப் போட்டேன். சுகந்தியின் பெயரைப் போடவில்லை.

சுகந்தி ஒசாகாவில் கென்ஜி என்கிற ஒரு யப்பான்காரனோடு இருக்கிறாள். கல்யாணம் இல்லை. நோர்வேஜியர் இதற்குச் "சம்போர்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒரே கூரை, ஒரே அடுப்பு, தாலி இல்லை. மகளின் பெயரைப் போட்டால் அடுத்த வரியில் மருமகனைப் போட வேண்டும். "கென்ஜியின் அன்பு மாமியாரும்" என்று போடுவதா? போட்டால், கல்யாணம் எப்போது நடந்தது, எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கனடாவில் இருந்து என் தங்கை தொடங்குவாள். ஒரு பெயரை விட்டால் ஒரு கேள்வி. போட்டால் நூறு கேள்வி. நான் தொழில் செய்கிறவன். சிறியதைத் தெரிவுசெய்தேன்.

பெயர் இல்லாவிட்டாலும் அவள் வந்தாள். எரிக்கிற இடத்து மண்டபத்தில் கறுப்புக் கோட்டோடு கடைசி வரிசையில் இருந்தாள். என் பழைய வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனிதர், "யார் அந்தப் பெண்? உங்கள் மனைவியின் சாயல் இருக்கிறதே" என்று என்னிடம் கேட்டார்.

"யப்பானில் இருந்து துக்கம் விசாரிக்க வந்தவள்" என்றேன். நோர்வேஜிய மொழியில் சொன்னேன். என்னைவிட நன்றாக அந்த மொழி தெரிந்தவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

எல்லாம் முடிந்து சனம் கலைகிறபோது அவள் வாசலில் என்னிடம் வந்தாள்.

"அப்பா, போயிட்டு வாறன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று யாராவது சொல்வார்களா? திரும்பி வருவதற்கு அது என்ன விருந்து வீடா? வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போவதுதான் முறை. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"இதுகூடத் தெரியாதோ உனக்கு? உதெல்லாம் தெரியாட்டி எங்கடை சனத்துக்கு நடுவிலை ஏன் வாறாய்?" என்றேன். குரலைத் தணிக்கவில்லை. பிழையை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவள் அந்த வருடத்து முதல் பனிக்குள் இறங்கிப் போனாள்.

3

ஆண்டுத் திவசம் நெருங்கியது. மண்டபம் பிடித்தேன், ஐயருக்குச் சொன்னேன், சமையலுக்கு ஆள் வைத்தேன். அப்போது ரமணன் ஸ்தவாங்கரில் இருந்து ரெலிபோன் எடுத்தான்.

"அப்பா, அக்கா வராட்டி நான் தர்ப்பை போடமாட்டன்."

"என்னடா கதைக்கிறாய்? கொம்மான்ரை திவசமடா."

"தெரியும். அக்காவுக்கும் அம்மாதான். நீங்களே போய்க் கூப்பிடுங்கோ. ரெலிபோனிலை இல்லை. நேரை போய்."

"நான் அவளிட்டைப் போறதோ? யப்பானுக்கோ?"

"ஐயர் வருவார், சனம் வரும், சாப்பாடு வரும். மகன் வரமாட்டான். நீங்கள் யோசியுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என்னிடம் வேலை செய்கிறவன் இப்படிக் கதைத்திருந்தால் அன்றைக்கே கதவுத் திறப்பை வாங்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மகனிடம் வாங்குவதற்குத் திறப்பு இல்லை. ஒரே மகன். அவன் இல்லாமல் யார் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? சபைக்கு நடுவில் ஐயர் "மகன் எங்கே?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ரிக்கற் எடுத்தேன்.

யப்பான் விமான நிலையத்தில் ஒரு சின்ன யந்திரத்தில் இரண்டு சுட்டுவிரலையும் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். யந்திரத்துக்கு என் ரேகை பிடிபடவில்லை. துடைத்து வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் இல்லை. மீன் கத்தியும் சோப்பு மருந்தும் தின்று தீர்த்த விரல்கள். அங்கே இருந்த பொடியன் தன்னுடைய பிழை போல ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பிறகு பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தான், அவரும் குனிந்தார். நோர்வேயில் என்றால் நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்திருக்கும். கடைசியில் என்னை ரேகை இல்லாதவன் என்று எங்கேயோ பதிந்துகொண்டு உள்ளே விட்டார்கள்.

சுகந்தியும் கென்ஜியும் வெளியே நின்றார்கள். "வாங்கோ" என்றாள். வேறு யாரையோ வரவேற்கிற குரல். அவன் முழங்கால்வரை வளைந்து கும்பிட்டுவிட்டு, மூச்சை இழுத்து, "சாப்பிட்டிட்டியளோ?" என்றான். சுத்தமான எங்கள் பேச்சு.

"ஆர் இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அம்மா."

"எப்ப?"

"நீங்கள் வேலைக்குப் போன நேரங்களிலை" என்றாள்.

காரில் ஏறியதும் விஷயத்தைச் சொன்னேன். சுத்தி வளைக்கத் தெரியாதவன் நான். "கொம்மான்ரை திவசத்துக்கு நீ வரவேணும். ரமணன் பிடிவாதமா நிக்கிறான்."

"அப்ப ரமணன் கேட்டதாலை வந்தனீங்கள்."

"ஆர் கேட்டால் என்ன? வந்திருக்கிறன்தானே."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. நூதனசாலைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகளும் தாங்கிகளும் செய்து கொடுப்பது தொழில். அந்தக் கிழமை முழுவதும் வேறு வேறு நகரங்களில் வேலை என்றாள். "நீங்களும் எங்களோடை வாங்கோ. ஒரு நாளும் என்னோடை ஒரு இடமும் வந்ததில்லைத்தானே. கடைசி நாள் ஒசாகாவிலை என்ரை உத்ஸ்தில்லிங் இருக்கு. அதைப் பாருங்கோ. பாத்தாப் பிறகு வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்."

உத்ஸ்தில்லிங் என்றால் கண்காட்சி. முப்பது வயது தாண்டியும் அந்தச் சொல்லுக்கு அவளுக்குத் தமிழ் தெரியாது. நான் அதை அப்போது சொல்லிக் காட்டவில்லை. எனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது.

4

முதல் இடம் டோக்கியோவில், புழுக்களுக்கென்றே கட்டிய ஒரு நூதனசாலை. பூமியில் ஊர்கிற புழு அல்ல. மனிதனுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் உள்ளே இருந்து தின்கிற புழு. போத்தல் போத்தலாகச் சாராய மருந்தில் வெள்ளையாக மிதந்தன. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். காதலர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். எங்கள் ஆட்கள் ஒஸ்லோவுக்கு வருகிற விருந்தாளிகளை அம்மணச் சிலைப் பூங்காவுக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுப்பதுபோல, இவர்கள் புழுவுக்கு முன்னால் நின்று எடுக்கிறார்கள்.

ஒரு கண்ணாடிக்குள் நாடா போல ஒரு புழு மடித்து மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு கயிறு. பார்க்க வருகிறவர்கள் அதை விரித்துப் பார்க்கலாம். நான் ஒரு நுனியைப் பிடித்தேன், கென்ஜி மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு போனான், போனான், சுவர்வரை போய்விட்டான்.

"இவ்வளவும் ஒரு மனுசனுக்குள்ளையோ இருந்தது?"

"ஓம். அவருக்குத் தெரியாமல்."

"எங்கடை சொந்தத்துக்குள்ளை இதைவிட நீட்டானது இருக்கு. கனடாவிலை" என்றேன்.

கென்ஜிக்கு விளங்கவில்லை, ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தான். அவளுக்கு விளங்கியது, சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"வெளியிலை எடுத்தாப் பிறகு அந்த மனுசன் நல்ல சுகமா இருந்தவராம் அப்பா. நித்திரையும் வந்ததாம்."

"ஆருக்கடி சொல்லுறாய்? ஆர் புழு, ஆர் மனுசன்?"

"அது இதிலை எழுதேல்லை" என்றாள்.

நல்ல வாய். அது தாயிடம் இருந்து வந்ததல்ல. பரமேஸ்வரி ஒரு சொல்லுக்கு மறு சொல் சொன்னது கிடையாது. அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சுவருக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி நின்ற கென்ஜியைப் பார்த்தேன். அவன் அதைச் சுற்றிச் சுற்றி ஒழுங்காகக் கொழுக்கியில் மாட்டினான். இந்த வாயோடு ஒரு வீட்டில் இருக்கிறானே, பாவம் என்று நினைத்தேன்.

5

அடுத்தது வேறொரு நகரம், வேகமான ரயிலில் போனோம். மலசலகூட நூதனசாலை. அரசர் இருந்த மரப்பெட்டி, பூப்போட்ட பீங்கான், தண்ணீர் பீச்சுகிற புதுச் சாமான் என்று வரிசையாகக் கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள்.

"உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சன்" என்றாள் சுகந்தி.

குத்துகிறாள் என்று தெரியும். எனக்கு உண்மையிலேயே பிடித்தது. நான் இந்தக் கையால் கழுவிய பீங்கான்களை அடுக்கினால் அந்தக் கட்டடம் போதாது. கயிறு கட்டியிருந்ததைத் தாண்டி ஒரு பூப் பீங்கானின் விளிம்புக்குக் கீழே விரலை விட்டேன். காவலாளி ஓடி வந்தான். நான் விரலை நீட்டிக் காட்டினேன்: தூசி. அவன் திகைத்துப்போய் விரலையும் என்னையும் பார்த்தான். சுகந்தி யப்பான் மொழியில் ஏதோ சொன்னாள். அவன் உடனே குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

பின்னால் வந்த மேலாளர் அம்மாவுக்கும் என்னைக் காட்டி அதையே சொன்னாள். அந்த அம்மாவும் குனிந்தார். புழு நூதனசாலையிலும் இதே சொல், இதே வணக்கம். என் தகப்பன் ஒரு கம்பனியின் முதலாளி என்று சொல்கிறாளாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஏன் நிமிர்த்தக் கூடாது? இவளை நூதனசாலைக்குள் கொண்டுபோனதே நான்தான். ஒஸ்லோவில் ஒரு பெரிய நூதனசாலையின் துப்புரவு ஒப்பந்தம் கொஞ்சக் காலம் என்னிடம் இருந்தது. ஆள் பற்றாத சனிக்கிழமைகளில் இவளையும் கூட்டிப் போவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை. கையில் தூசித் துணி. சனத்துக்குக் கதவு திறக்க முன்னம், பெரிய பெரிய படங்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான். இவள் வேலையை விட்டுவிட்டு வாயைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சுவரைப் பாக்கிறதுக்கு ஆக்கள் காசு குடுத்து வருவினம். உனக்கு நான் காசு தாறது தரையைப் பாக்க" என்பேன். கழுத்தைப் பிடித்துத் தலையைக் கீழே திருப்பிவிடுவேன். அந்தக் கையைத்தான் யப்பான் யந்திரத்துக்குத் தெரியாமல் போயிற்று. என் மகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுவரையே பார்த்து, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். தரை பார்க்கப் பழக்கியதும் வீண்போகவில்லை என்பதைப் பிறகு ஒசாகாவில் கண்டேன்.

சாப்பாட்டுக் கடையில் சுகந்தி கை கழுவப் போன நேரம் கென்ஜியிடம் என் இங்கிலீசில் கேட்டேன். "எல்லா இடத்திலும் இவள் என்னைக் காட்டி என்ன சொல்கிறாள்?"

அவன் கோப்பையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அந்த ஒரு குணம் தொழிலுக்கு உதவாது.

"நோர்வேயில் இருந்து வந்த விருந்தாளி என்று" என்றான்.

"அப்பா என்று இல்லையா?"

"இல்லை." அவன் காது சிவந்துபோனது. "மன்னிக்கவும்."

நான் சூப்பைக் குடித்தேன். சுகந்தி திரும்பி வந்து இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டோம். ஒஸ்லோ மண்டபத்தில் நான் சொன்னதை அவள் எவ்வளவு கவனமாகப் பொதி செய்து, இவ்வளவு தூரம் உடையாமல் கொண்டுவந்து வைத்திருந்தாள் என்று விளங்கியது. கண்ணாடிப் பெட்டி செய்கிறவள் அல்லவா?

6

கடைசி நாள் ஒசாகா. மூடிப்போன ஒரு பழைய பொதுக் குளிப்பு வீட்டில் கண்காட்சி. ஆண்கள் பக்கம் யாரோ ஒருவர் உடைந்த குடைகளைத் தொங்கவிட்டிருந்தார். பெண்கள் பக்கம் சுகந்தியுடையது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் தொங்கிய சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஹவுகெட்டோவில் இருக்கிற என் வீட்டுக் குசினி அங்கே நின்றது.

படம் அல்ல. குசினியேதான். மஞ்சள் பூப்போட்ட ஜன்னல் சீலை. புட்டுக்குழல். ஜாம் போத்தலில் மிளகாய்த் தூள். குலத்தின் கடைக் கலண்டர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு "அம்மான்ரை சாமானுகளை நான் அகற்றுறன்" என்று ரமணன் பெட்டி கட்டியபோது பழைய சாமான் கடைக்குக் கொடுக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். கள்ளப்பயல்.

மேசையைப் பார்த்தேன். எங்கள் மேசைக்கு நாலு நாற்காலி. இங்கே மூன்று. ஜன்னல் பக்கம் என்னுடையது, அது இல்லை. என் தேத்தண்ணிக் கோப்பை இல்லை. என் கோட்டு மாட்டுகிற ஆணி இல்லை.

பிறகு என் வழக்கப்படி தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வினைல் விரிப்புப் போலவே ஒன்றை எடுத்து, தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்த்திருந்தார்கள். அடுப்புக்கு முன்னால் பரமேஸ்வரி நின்ற இடம் வெளிறி, நடுவில் கொஞ்சம் பதிந்திருந்தது. அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு தடம், கதவுக்கு ஒரு தடம். அவ்வளவும் சரி. எங்கள் வீட்டில் என் நாற்காலியின் நாலு காலும் அழுத்தி நாலு பள்ளம் இருக்கிறது. நான் பாரமான ஆள். இங்கே ஜன்னலோரம் குந்தி இருந்து விரலால் தடவினேன். மழமழவென்று புதுத் தரை.

ஒரு நாற்காலியை யாரும் மறந்துபோகலாம். பள்ளத்தை மறக்க முடியாது. அதை நினைத்து நினைத்துத்தான் இல்லாமல் செய்ய வேண்டும்.

சுவரில் எங்கள் பழைய ரெலிபோன். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார்கள். கேட்கிற பேச்சை யப்பான் மொழியில் எழுதிய தாள்கள் பக்கத்தில் ஒட்டியிருந்தன. என் முறை வந்தது. எடுத்தேன்.

"பிள்ளை, வெந்தயத்தை முதல்லை போட்டிடாதை, கருகிப் போடும். கென்ஜிக்கு உறைப்பு ஆகாதெல்லோ, தூளைக் குறை. அவன் என்ன செய்யிறான்? அண்டைக்கு என்னட்டைச் சாப்பிட்டிட்டியளோ எண்டு கேட்டான், எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு…"

பரமேஸ்வரி சிரித்தாள். என் காதுக்குள் சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது.

"கொப்பர் வாறார், வைக்கிறன்."

டக். சுகந்தி பதிந்துவைத்த அடுத்த பேச்சு தொடங்கியது. மீன் குழம்பு. புளி எவ்வளவு, எப்போது இறக்குவது. ஊரில் தான் நீந்திய குளம் ஒன்றைப் பற்றி. "ஆ, வான் சத்தம் கேக்குது. கொப்பர் வாறார், வைக்கிறன்." டக். அதற்கு அடுத்தது. "கொப்பர் வாறார், வைக்கிறன்." டக்.

எனக்குப் பிறகு ஒரு யப்பான்காரக் கிழவி கேட்டார். கண்ணைத் துடைத்தார். கென்ஜியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே என்னைக் காட்டினார். கென்ஜி தயங்கித் தயங்கி இங்கிலீசில் சொன்னான்: எல்லாப் பேச்சும் ஒரே சொற்களோடு முடிகிறதாம். அதற்கு மட்டும் தாளில் மொழிபெயர்ப்பு இல்லையாம். ஐயா அந்த நாட்டுக்காரர் போல இருக்கிறார், அவருக்குத் தெரியுமா என்று கேட்கிறாராம்.

சுகந்தி மூன்று நாற்காலியில் ஒன்றில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். சுவரையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள்.

அந்தக் குளிப்பு வீட்டில் அந்த மூன்று சொல்லும், கொப்பர் என்றால் அப்பா என்பதும், விளங்குகிறவர்கள் இரண்டு பேர்தான். தாளில் அந்த இடத்தை அவள் எனக்காகத்தான் வெறுமையாக விட்டிருந்தாள்.

"விருந்தாளி வருகிறார் என்கிறாள்" என்றேன் கென்ஜியிடம். "நோர்வேயில் ஒரு விருந்தாளி வருகிறார், ரெலிபோனை வைக்கிறேன் என்று."

கிழவி "ஆ" என்று தலையை ஆட்டினார். விருந்தாளிக்காக மகளோடு பேசுவதையே நிறுத்துகிறாள், எவ்வளவு நல்ல பெண் என்றாராம்.

சுகந்தி சிரித்தாள். ஒரு வெட்டுச் சிரிப்பு. நான் யப்பானுக்கு வந்த பிறகு முதல் தடவை. கண்ணாடியில் நான் என் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், அதேதான்.

"திவசத்துக்கு வாறன் அப்பா" என்றாள். "விருந்தாளியா வாறன். திவச அறிவித்தலிலை என்ரை பேர் போட வேண்டாம். போட்டால் வரமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை. இந்த முறை போடத்தானே வந்தனான். சனம் என்ன சொல்லும்?"

"யப்பானிலை இருந்து துக்கம் விசாரிக்க வந்தவள் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு அது மனப்பாடம்தானே."

7

திவசத்துக்குச் சனம் நிறைந்து வழிந்தது. செல்லத்துரை வைத்தால் அப்படித்தான் இருக்கும். அவள் கென்ஜியோடு வந்தாள். அதே கறுப்புக் கோட்டு. அதே கடைசி வரிசை. ரமணன் தர்ப்பை போட்டான். அவன் கேட்டது நடந்துவிட்டது, அக்கா மண்டபத்துக்குள் இருந்தாள். ஆனாலும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எள்ளை இறைத்தான்.

"பிள்ளையள் எல்லாரும் வந்து பூப் போடுங்கோ" என்றார் ஐயர்.

ரமணன் போட்டான். பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். மண்டபத்துத் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. அவள் அசையவில்லை. சொந்தக்காரர் போட்டு, ஊரவர் போட்டு, குலம் போட்டு, என் கம்பனி ஆட்கள் போட்டு முடித்த பிறகு, வெளியாட்களின் வரிசையில் கடைசி ஆளாக வந்து படத்துக்கு முன்னால் ஒரு பூவை வைத்தாள்.

சாப்பாட்டு நேரம் குலம் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணை, ஆர் அந்தப் பிள்ளை? எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு."

அவனுக்கு நன்றாகத் தெரியும். சிறுபிள்ளையில் அவள் தூசித் துணி பிடித்த காலத்தில் அவன் பக்கத்து மண்டபத்தில் மொப் பிடித்தவன். என் வாயில் இருந்து என்ன வருகிறது என்று பார்க்க வந்திருந்தான்.

"என்ரை மோள்" என்றேன்.

குலம் நேராக அவளிடம் போனான். கும்பிட்டான். ஏதோ கேட்டான். அவளும் கும்பிட்டு மரியாதையாகப் பதில் சொன்னாள். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சந்தோசம்.

"இல்லையாம் அண்ணை. துக்கம் விசாரிக்க வந்தனான் எண்டுறா."

பக்கத்தில் இருந்தவர்கள் வாழையிலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டார்கள்!

கொஞ்ச நேரத்தில் துக்கம் விசாரித்தவர்களின் வரிசையில் அவளும் வந்தாள். என் முன்னால் நின்று கையைக் கூப்பினாள்.

"என்ன செய்யிறது. எல்லாரும் போறதுதான். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்றாள்.

ஊரவர் சொல்கிற அதே சொல், அதே இழுவை. திவச வீட்டுக்காரன் வந்தவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை நானும் சொன்னேன்.

"இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"ஓம், சாப்பிட்டனாங்கள்."

கென்ஜி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் மெல்ல அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். செருப்பைப் போட்டார்கள். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்கள். நான் வாசல்வரை பின்னால் போனேன். ஒரு சொல்லாவது தவறி வரும் என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். சுகந்தி வாசற்படியைத் தாண்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளாமல், எங்கள் முறைப்படி, நடந்து போனாள்.

என்னிடம் எத்தனையோ பேர் வேலை பழகியிருக்கிறார்கள். ஒரு தடவை சொன்னதை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் ஒருவரும் இல்லை. அவள் போன பாதையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.